மழைக்கு முன் தூர் வாரிய நிரல்

அக்காவைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு போவதா, இருந்த இடத்திலேயே விடுவதா என்பதை ஒரு கணினி நிரல் சொல்லியாக வேண்டும். அந்த மார்கழி மழைநாளில் என் நிலைமை அதுதான். நிரலை எழுதியவன் நான். அன்றைக்கு அதை ஓடவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவனும் நானே.

அக்கா சிந்துபூந்துறையில், ஆற்றை ஒட்டிய தெருவில், தனியாக இருந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிட மூத்தவள் என்பதை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, செயற்கை மூட்டு வைத்து, வீடு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து, ஆற்றின் மறுகரையில் பாளையங்கோட்டையில் இருக்கும் என் வீட்டுக்குத்தான் கூட்டி வருவதாக இருந்தேன். என் வீடு மேட்டில் இருக்கிறது. மனைவி மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் பெங்களூர் போயிருந்ததால் இடத்துக்கும் குறைவில்லை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. என் வீட்டில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு யாத்திரை போக வேண்டியிருக்கிறது என்றாள். பகலில் ஒரு பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டு தன் வீட்டிலேயே கிடந்தாள். மாடி இல்லாத வீடு. மொட்டைமாடிக்கு ஓர் இரும்பு ஏணி, அவ்வளவுதான்.

டாக்டர் சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். காலை உள்பக்கம் திரும்ப விடக்கூடாது, இடுப்பை மடக்கக்கூடாது, ஆள் மாற்றி ஆள் தூக்கி இடம் மாற்றவே கூடாது என்றார். மூட்டு நழுவினால் மறுபடி அறுவை மேசையில் ஏற்ற வேண்டும். இவர்களுடைய இதயம் இன்னொரு மயக்க மருந்தைத் தாங்கும் என்று தன்னால் எழுதித் தர முடியாது என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஸ்ட்ரெச்சரை வாசல் நடையில் திருப்பும்போது அக்காவுக்கு நினைவு தப்பியது. அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆகவே மழைக்கு மழை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பது நடக்கிற காரியமில்லை. தூக்காமல் விட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டாக்டர் வேண்டியதில்லை. கட்டிலை விட்டு எழ முடியாத ஒருத்தி, மாடியில்லாத வீடு.

நான் நீர்ப்பாசனத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்ற அறிவிப்பு எந்தக் கோப்பில் பிறந்து எந்த மேசை வழியாக ஒலிபெருக்கி வண்டிக்குப் போகிறது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அது சரியான அறிவிப்பு. ஆனால் அது ஆறு முழுவதற்கும் பேசும்; ஒரு வீட்டின் வாசற்படியைப் பற்றிப் பேசாது. வாசற்படிக்காக நானே ஒன்று எழுதி வைத்திருந்தேன். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், இடையில் எவ்வளவு மழை, துணையாறான கடனாநதியில் என்ன வருகிறது என்பதையெல்லாம் கொடுத்தால், ஆற்றுப் பாலத்துக்குக் கீழே மட்டம் மணிக்கு மணி எப்படி ஏறும் என்று அது சொல்லும். அதை அக்காவின் வாசற்படியோடு ஒப்பிட்டும் சொல்லும். பணியில் இருந்தபோது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் தொடங்கியது. ஓய்வுக்குப் பிறகு ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்தேன். முன்பு சில மழைகளில் ஊரே மூட்டை கட்டியபோது வீட்டுக்குள் வராது என்று அது சொன்னது, வரவில்லை. அதிலிருந்து அக்கா செய்தி கேட்பதை விட்டுவிட்டாள். வானம் கறுத்தால் எனக்குப் போன் வரும். "ஒம் பெட்டி என்னலே சொல்லுது?"

இனி நான் செய்த காரியம். மழைக்கு முன்னால் மதகு ஷட்டர்களுக்கு கிரீஸ் பூசி, ஏற்றி இறக்கிப் பார்த்து, கால்வாய்களில் தூர் வாரி வைப்பது எங்கள் துறையில் வருடந்தோறும் நடக்கும் சடங்கு. பணிக்காலம் முழுவதும் அதைச் செய்த கைக்கு ஓய்வு பெற்ற பிறகும் அரிப்பு நிற்கவில்லை. வீட்டில் ஷட்டர் கிடையாது. லேப்டாப் இருந்தது. அந்த வருடம் ஐப்பசி காய்ந்து கிடந்ததால் நானும் பிந்தி, கார்த்திகையில்தான் அதற்கு மழைக்கால முன்னேற்பாடு செய்தேன். இருந்த மென்பொருள் அத்தனையையும் புதுப்பித்தேன். பிறகு என் நிரலின் கோப்புறைக்குள் போய்த் தூர் வாரினேன். அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. முன்பு கட்டி வைத்ததையெல்லாம் துடைத்துவிட்டு, மனிதன் எழுதிய மூலநிரலை மட்டும் மிச்சம் வைக்கும். கணினித் தொழில் செய்கிற எவனும் மழைக்காலத்தில் இதைச் செய்ய மாட்டான். ஓடுவது ஓடட்டும் என்று விட்டுவிடுவான். நீர்ப்பாசனக்காரன்தான் செய்வான்.

ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்ற கடைசிப் படி மட்டும் பாக்கி. அதாவது, நிரலைத் திரும்பக் கட்டி ஓட்டிப் பார்ப்பது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். காலையில் அக்கா விழுந்துவிட்டாள்.

மூலநிரலுக்கு மூன்று நகல் வைத்திருக்கிறேன். கட்டி முடித்த நிரலுக்கு ஒன்றுகூடக் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு நகல் எதற்கு என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த மார்கழி நாளில் விடிந்ததிலிருந்தே மழை விடாமல் அடித்தது. முதல் காரியமாக ஓர் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் நிற்கிறேன், கூப்பிட்டதும் வருகிறேன் என்றார் ஓட்டுநர். அதுவரை எல்லாம் முறைப்படிதான். அடுத்து ஆழ்வார்குறிச்சியிலிருந்து நண்பரின் போன். என்னோடு ஆற்று அளவீட்டுப் பிரிவில் வேலை பார்த்து, எனக்கு முந்தின வருடம் ஓய்வு பெற்றவர். மேல்பகுதியின் மழை, அணைகளின் வெளியேற்றம் எல்லாவற்றையும் விசாரித்து எனக்குச் சொல்வது அவர் பொழுதுபோக்கு. அன்று அவர் சொன்ன எண்களைக் குறித்துக்கொள்ளும்போதே பேனா ஒரு முறை நின்றது. சரியாகத்தான் சொல்கிறீரா என்று கேட்டேன். "நான் என்ன வே, ஏலமா விடுதேன், ஏத்திச் சொல்ல?" என்றார்.

லேப்டாப்பைத் திறந்தேன். நிரல் இல்லை. நான்தான் துடைத்திருந்தேனே.

நிரல் கட்டுவது கட்டடம் கட்டுவது போலத்தான். நாம் எழுதிய வரிகளைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலரைக் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கோப்பை எந்த வரிசையில் எந்த நிபந்தனையோடு கொத்தனாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ள இன்னொரு கருவி உண்டு. அது மேஸ்திரி. மேஸ்திரிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்புத் தாள் ஒன்று. என் தாள் பல வருடம் பழையது. மேஸ்திரியும் கொத்தனாரும் கார்த்திகையில் வேலைக்கு வந்த புது ஆட்கள்.

கட்டு என்று கட்டளை கொடுத்தேன். மேஸ்திரி முதல் வரியிலேயே நின்றான். இந்தத் தாள் மிகப் பழைய முறையில் எழுதப்பட்டது, அந்த முறையை நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்று ஒரு செய்தி. சாதாரண நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். அப்படி எத்தனை தாள்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ரசிக்க முடியவில்லை. குறிப்பில் பதிப்பு எண் இருந்த வரியைத் தேடித் திருத்தினேன். விரல் வேறு எழுத்தில் விழுந்தது, இரண்டு முறை. மேஸ்திரி ஏற்றுக்கொண்டான்.

அடுத்துக் கொத்தனார். திரை முழுவதும் சிவப்பாக வரிகள் ஓடின. எண்ண முயன்று விட்டுவிட்டேன். ஒரே குற்றச்சாட்டுதான், பல இடங்களில்: இங்கே ஒரு வகை எண் கேட்கிறாய், அங்கே இன்னொரு வகை எண் கொடுக்கிறாய். உண்மைதான். ஆனால் இத்தனை வருடமாகப் பழைய கம்பைலர் அதை எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு வேலையை முடித்துத் தரும். புதியது அதையே பிழை என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டது.

ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு வாரம் வேண்டும். வெளியே ஓடு உடையும் போல மழை. பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீர் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. என் வீடு மேட்டில் இருக்கிறது. மேட்டிலேயே இப்படியென்றால் என்று நினைப்பு ஓடியது, அதை அடக்கினேன். இரண்டு முறை மின்சாரம் போய் வந்தது, மூன்றாம் முறை வரவில்லை. லேப்டாப் மின்கலத்தில் ஓடியது. அக்கா போன் செய்து, உதவிக்கு வரும் பெண் மழையால் வரவில்லை, எதிர்வீட்டிலிருந்து காபி வந்தது, சர்க்கரை அதிகம் என்றாள். பிறகு பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். நான் இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

கம்பைலரின் கையேட்டில் தேடினேன். நல்லவேளையாக அது லேப்டாப்பிலேயே இருந்தது; இணையம் எப்போதோ போய்விட்டது. இந்த வகைப் பொருத்தமின்மையைப் பொறுத்துக்கொள், பழையபடி எச்சரிக்கையாக வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு நிபந்தனை இருந்தது. அதைக் கட்டும் கட்டளையோடு சேர்த்துத் தட்டினேன். கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கைகள் ஓடின, ஓடி முடிந்தன. சிவப்பு ஒன்றும் இல்லை. நிரல் கட்டப்பட்டுவிட்டது.

நண்பர் கொடுத்த எண்களைப் போட்டேன். பதில் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. வெள்ளம் ஏறும், தெருமுனை வரை வரும், அக்காவின் வாசற்படிக்கு முழங்கால் உயரம் கீழேயே நின்று இறங்கிவிடும்.

நாற்காலியில் சாய்ந்தேன். அக்காவுக்குப் போன் செய்து, வீட்டுக்குள் வராது, அசையாமல் படுத்திரு என்றேன். அப்படியென்றால் தூங்கலாமா என்றாள். தூங்கு என்றேன். ஆம்புலன்ஸ்காரரைக் கூப்பிட்டு, வேண்டாம், நீங்கள் போகலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வாக்கியங்களை இன்றைக்கும் ஒரே மூச்சில் எழுத முடியவில்லை.

ஆறிய கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்து, நிரல் வரைந்த படத்தைப் பார்த்தபடி குடித்தேன். அழகான படம். மழை ஏறினால் ஆறு ஏறியது, மழை குறைந்தால் ஆறு உடனே இறங்கியது. ஒழுங்கான ஊழியன் போல. நான் ஆற்றோடு வாழ்நாளைக் கழித்தவன். ஆறு அப்படி நடக்காது. மலையில் மழை நின்று, ஆட்கள் குடையை மடக்கி வீட்டுக்குப் போன பிறகுதான் இங்கே தண்ணீர் முழு வேகத்தில் வரும். முந்தின மணிகளில் பெய்ததெல்லாம் வழியில் குளத்திலும் வயலிலும் ஓடையிலும் நின்று நின்று வந்துகொண்டே இருக்கும். படத்தில் இருந்த ஆறு அப்படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் நண்பர் மறுபடி கூப்பிட்டார். நிரல் சொன்னதைச் சொன்னேன்.

"என்ன வே சொல்லுதீரு? நான் இங்கன மச்சுல நிக்கேன். கடனாநதி எங்க வாழைக்குள்ள ஏறிட்டு. மணிமுத்தாறுல இன்னும் தெறக்கப் போறாவளாம். உம்ம பெட்டி எந்த ஊரு ஆத்தைச் சொல்லுது?"

"புதுசாக் கட்டுனேன். பிழை ஒண்ணுமே காட்டலை."

"பழைய வெள்ளத்தைப் போட்டுப் பாத்தீரா?"

பார்க்கவில்லை. புதிதாகக் கட்டிய எதையும், நடந்து முடிந்த ஒரு வெள்ளத்தின் எண்களைக் கொடுத்துச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை எங்கள் பிரிவுக்கு வரைந்தவன் நான். பிழை இல்லை என்ற சொல்லைப் பார்த்ததும் அது எனக்கு மறந்துபோனது. போனை வைக்காமலே பழைய எண்களைப் போட்டேன். பல வருடத்துக்கு முன் வந்த பெருவெள்ளம். அது வடிந்த பிறகு அக்கா வீட்டுச் சுவரில் ஜன்னல் கட்டை வரை நின்ற சேற்றை நானே துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன்.

நிரலின் கணக்குப்படி அந்த வெள்ளத்தில் அக்காவின் தெரு நனையவே இல்லை.

நிரல் ஓடாமல் இருந்தபோது இருந்தது ஒருவகைப் பயம். அதில் எதிரி திரையில் சிவப்பாகத் தெரிந்தான். இப்போது வந்தது வேறு. எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே அது பொய் சொல்லியிருந்தது. அந்தப் பொய்யை நான் என் வாயால் அக்காவுக்குச் சொல்லி, தூங்கு என்றும் சொல்லியிருந்தேன்.

தவறு எங்கே என்று தேட வேண்டும் என்று கை விசைப்பலகைக்குப் போனது. பொறியாளன் கை. நண்பர் போனிலேயே இருந்தார். நான் தட்டுகிற சத்தத்திலிருந்தே புரிந்துகொண்டு, "வே, அளவுகோல் போச்சுன்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அதற்கும் விதி உண்டு. ஆற்றில் அளவுகோல் அடித்துக்கொண்டு போய்விட்டால், அது திரும்ப நடப்படும் வரை, ஆறு உச்சத்தில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸ்காரரைக் கூப்பிட்டேன்.

"நீங்கதான அண்ணாச்சி போவச் சொன்னிய? நான் வேற கேஸு எடுத்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில எறக்கிட்டு இருக்கேன். பாலத்தை அடைக்கக் கயிறு கட்டப் போறாவன்னு சொல்லுதாவ."

மறுபடி வர முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். வெளியே வந்து நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார். நான் கைலியை மாற்றிக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்தது. தூங்கியிருந்தாள், தூங்கச் சொன்னது நான்தானே.

"அக்கா, வண்டி வருது. நாம எங்க வீட்டுக்குப் போறோம்."

"தண்ணி வராதுன்னு சொன்ன."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"பெட்டி தப்பாச் சொல்லுச்சா, நீ தப்பாச் சொன்னியா?"

"பெட்டியை நான் தப்பாக் கட்டிட்டேன்."

"அப்பம் தண்ணி வருமா?"

"தெரியலை அக்கா."

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்டது. கால் நழுவிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே கிடந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குலே. பைய வரச் சொல்லு. பைய தூக்கச் சொல்லு."

அவள் என்னிடம் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாலத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் என்பதால் விட்டார்கள், சீக்கிரம் திரும்பச் சொன்னார்கள். கீழே பார்க்கக்கூடாது என்று இருந்தேன், பார்த்தேன். ஆறு செம்மண் நிறத்தில், பாலத்தின் வளைவுகளை முக்கால்வாசி நிறைத்துக்கொண்டு போனது. ஒரு வைக்கோல் படப்பு அப்படியே கலையாமல் மிதந்து வந்து தூணில் இடித்து உடைந்தது. வண்டிக்குள் இருந்தே அந்த அதிர்வு தெரிந்தது.

தெருமுனைப் பள்ளத்தில் சாக்கடை எதிர்த்து ஏறிச் சக்கரத்தில் பாதி தண்ணீர். வீட்டு வாசல் இன்னும் காய்ந்துதான் இருந்தது. காய்ந்த வீட்டிலிருந்து ஒரு நோயாளியைத் தூக்கப் போகிறேன். ஓட்டுநரும் எதிர்வீட்டுக்காரரும் நானுமாக, டாக்டர் சொன்னபடியே, கால்களுக்கு நடுவே தலையணை கட்டித் தூக்கினோம். நடையின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைச் சாய்க்க வேண்டியிருந்தது. தலையணை நழுவியது. அக்கா அலறினாள். அப்படி ஒரு சத்தத்தை அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. பிறகு சத்தமே இல்லை. கண் திறந்திருந்தது, மூச்சு வந்தது, அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் பாலத்தை மூடினார்கள்.

என் வீட்டுக் கட்டிலில் அவளைக் கிடத்திய பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்று குட்டையாகத் தெரிந்தால், ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தால், மூட்டு கழன்றுவிட்டது என்று அர்த்தம். பார்க்கப் பார்க்க ஒரு முறை சமமாகத் தெரிந்தது, ஒரு முறை தெரியவில்லை. டாக்டருக்குப் போன் போகவில்லை, யாருக்குமே போகவில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தண்ணீர் வரவில்லையென்றால் நான் செய்தது என்ன? அந்தக் கேள்வியோடுதான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். முடிவு எடுக்க இனி ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

தவறு தெரிந்துவிட்டது, நான் பயந்த அளவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரியின் தாளில் கொத்தனாருக்கான நிபந்தனைகள் என்று ஒரு வரி உண்டு. கட்டளையோடு நான் ஒன்றைத் தட்டினால், மேஸ்திரி அதை அந்த வரியோடு சேர்த்துக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். சேர்க்க மாட்டான். வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் நான் தட்டியதை மட்டும் வைப்பான். அழிந்த வரியில் என்ன இருந்தது என்று பார்த்தேன். ஒவ்வொரு மணியின் கணக்கை முடித்துவிட்டு அடுத்த மணிக்குப் போகும்போது, முந்தின மணியின் மதிப்புகளைத் தூக்கி எறியாதே, வைத்திரு என்று ஒரு நிபந்தனை. பழைய ஃபோர்ட்ரான் பழக்கத்தில், அது இருக்கும் என்ற தைரியத்தில், நான் நிரலுக்குள் வேறு எங்கும் அதைச் சொல்லி வைக்கவில்லை. ஆகவே காலையில் ஓட்டியபோதெல்லாம் என் நிரல் மணிக்கொரு தரம் ஆற்றை மறந்து, மணிக்கொரு தரம் புது ஆறாகத் தொடங்கியிருக்கிறது. பாபநாசத்தில் திறந்த தண்ணீர் வழியிலுள்ள முக்கூடலைத் தாண்டுவதற்குள் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கிறது. பிழை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மறக்காதே என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துத் தட்டி, தூர் வாரி, மறுபடி கட்டினேன். மின்கலம் சிவப்புக்கு வந்திருந்தது. முதலில் பழைய வெள்ளம். ஜன்னல் கட்டை மட்டம் என்று வந்தது. பிறகு அன்றைய எண்கள். நண்பர் கடைசியாகச் சொன்ன வெளியேற்றத்தையும் சேர்த்தேன். பட்டனை அழுத்தும்போது அக்காவின் பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே தண்ணீர் வாசலைத் தாண்டும். அதற்குப் பிறகு அவள் படுத்திருந்த கட்டிலின் மட்டம் வரை ஏறும்.

எனக்குள் வந்தது நிம்மதி. அக்காவின் வீடு மூழ்கப் போகிறது, அதைத் திரையில் பார்த்து என் முகம் மலர்ந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை; அவள் பார்த்துவிட்டாள்.

"சிரிக்கியாலே?"

இல்லை என்றேன். திரையில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். எந்த மட்டம் வரை என்று கேட்டாள். கட்டில் மட்டம் என்றேன். "அப்பம், இட்லி மாவு போச்சு. நேத்துதான் ஆட்டச் சொல்லி வச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். வலியா, வீடா என்று நான் கேட்கவில்லை. லேப்டாப் அணைந்தது.

சில நாட்கள் கழித்துப் பாலம் திறந்து எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டு இருந்த இடத்தில் இருந்தது, தசைதான் கிழிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தது யார் என்று டாக்டர் கேட்டார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கத் தயங்கவில்லை. அதன் பிறகுதான் அவள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். கட்டில் கவிழ்ந்து சமையலறை வாசலில் மாட்டிக் கிடந்தது. சுவரில் சேற்றுக் கோடு. அளவு நாடாவைக் கொண்டு போயிருந்தேன். நிரல் சொன்ன மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது கோடு. கீழே இருந்திருந்தால் விட்டிருப்பேன். ஒரு சாண் மேலே, சரியாகக் கட்டிய பிறகும். அந்தச் சாண் எந்த வரியிலிருந்து தப்பிப் போனது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா நடக்கத் தொடங்கியதும் தன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.